மாமனாரின் ஹெரால்டும் என் முறுக்கு டப்பாக்களும்

“எடைக்குப் போட்டுடலாம்மா” என்றார் மாமனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. 1961-இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 948 சி.சி., நாலு சிலிண்டர்.

இன்ஜினை நானே பிரித்தேன். கழற்றியதையெல்லாம் நம்பர் எழுதி முறுக்கு டப்பாக்களில் போட்டேன். போர் வேலை மட்டும் திண்டிவனத்தில் லேத்துப் பட்டறையில். திரும்பப் பூட்டும்போது கனெக்டிங் ராடு மூடிகள் இரண்டை மாற்றிப் போட்டுவிட்டேன். கிராங்க் அசைந்தால்தானே! சகோதரிகளே, ராடும் மூடியும் ஜோடியாகக் கடையப்பட்டவை, மாற்றவே கூடாது. ஹெட் நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சங் கொஞ்சமாகத்தான் முறுக்க வேண்டும்.

மறுபடி பிரித்துப் பூட்டினேன். ஐந்தாவது தடவை உறுமியது! செஞ்சிக்கோட்டை அடிவாரம்வரை ஓட்டிப் போனோம். இறங்கியதும் சாவியை நீட்டினேன். “நீயே வச்சுக்கோம்மா” என்றார் மாமனார்.