முகத்தை ஆளும் இரு நரம்புகள்



மார்கழி மாதத்து விடியற்காலை. ஒக்கலிபுரத்தில் ஒருவர் எழுந்து வாய் கொப்பளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர் உதட்டோரமாக ஒழுகிவிடுகிறது. கண்ணாடியைப் பார்த்தால், வாய் ஒரு புறமாகக் கோணியிருக்கிறது; ஒரு கண் மூட மறுக்கிறது. "நேற்று இரவு ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தீர்கள்; குளிர்காற்று அடித்துவிட்டது" என்கிறார் மனைவி. "பக்கவாதம்" என்று அஞ்சுகிறார் அண்டை வீட்டார். எது சரி? இதை அறிய, முகத்தை ஆளும் நரம்புகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளையினின்று நேராகப் புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு இணைகளாகும். இவற்றைக் கபால நரம்புகள் என்பர். இவற்றுள் முகத்திற்கு முக்கியமானவை ஐந்தாவதும் ஏழாவதும். ஐந்தாவது நரம்பு முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்கிறது; ஏழாவது நரம்பு மூளையின் கட்டளையை முகத்தசைகளுக்குக் கொண்டுவருகிறது.

ஐந்தாவது நரம்பே கபால நரம்புகளுள் மிகப் பருமனானது. அது மூன்று கிளைகளாகப் பிரிந்து, ஒன்று நெற்றிக்கும், ஒன்று கன்னத்திற்கும் மேற்பற்களுக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் செல்கிறது. உணவை மெல்லும் தசைகளை இயக்குவதும் இதன் மூன்றாம் கிளையே. இந்நரம்பு நோயுற்றால் முகம் கோணுவதில்லை. மின்னல் வெட்டினாற் போன்ற வலி சில விநாடிகள் தோன்றித் தோன்றி மறையும். முகம் கழுவினாலும், பல் துலக்கினாலும் அவ்வலி எழும். பெரும்பாலும் ஓர் இரத்தக்குழாய் நரம்பின் அடியை அழுத்துவதே இதற்குக் காரணம். பல்வலியென்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. இதற்கு மருந்தும், வேண்டுமாயின் அறுவைச் சிகிச்சையும் இருக்கின்றன.

ஏழாவது நரம்பின் பாதையோ இடுக்கானது. காதை ஒட்டிய எலும்பினுள் ஒரு குறுகிய கால்வாய் வழியே அது வளைந்து வந்து, காதின் கீழே வெளிப்பட்டு, ஐந்து கிளைகளாக முகத்தில் விரிகிறது. புன்னகை, சினம், வியப்பு யாவும் இதன் செயலே. நரம்பு வீங்கினால் அவ்வெலும்புக் கால்வாயில் விரிவதற்கு இடமில்லை. நெருக்குண்டு வேலை நின்றுவிடுகிறது. 1821ஆம் ஆண்டில் முக நரம்புகளைப் பற்றி லண்டன் ராயல் சங்கத்தில் ஆராய்ச்சியுரை அளித்த ஸர் சார்லஸ் பெல் என்பாரின் பெயரால் இந்நோயைப் 'பெல் வாதம்' என்கின்றனர். வைரஸ் கிருமியால் நரம்பு வீங்குவதே காரணமாகலாம் என்பது பல மருத்துவர்களின் கருத்து. காற்றின்மேல் பழி போடுவதற்குத் தக்க சான்று இல்லை.

கண் மூடாமைக்குக் காரணம் என்ன? இமையை உயர்த்துவது மூன்றாவது நரம்பு, மூடுவது ஏழாவது. மூடுவது ஓய்ந்தாலும் உயர்த்துவது ஓயவில்லை. ஆகவே கண் திறந்தே நிற்கிறது.

இனி, பக்கவாதத்திலிருந்து இதைப் பிரித்தறிவது எவ்வாறு? நெற்றியைப் பாருங்கள். நெற்றித்தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. வாயைச் சுற்றிய தசைகளுக்கு எதிர்ப்புறப் பாதியிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. எனவே மூளையின் ஒரு பாதி தாக்குண்டால் வாய் கோணும். புருவத்தை உயர்த்தினால் நெற்றி இருபுறமும் சுருங்கும். நரம்பே தாக்குண்டாலோ அப்பக்கத்து நெற்றியும் மழமழவென்று சுருங்காமல் நிற்கும்.

ஆனால் இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. ஆதலால் முடிவை வீட்டிலேயே செய்துவிடக் கூடாது. முகம் திடீரெனக் கோணினால், முக்கியமாகக் கை தளர்ந்தாலும் பேச்சுக் குழறினாலும், உடனே 108ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். "எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?" என்பதே மருத்துவரின் முதற்கேள்வியாக இருக்கும், நேரத்தைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள்.

பெல் வாதமாயினும் தாமதம் நன்றன்று. ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பலன் மிகுதி. மூடாத கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்தும், இரவில் மருத்துவர் காட்டும் முறைப்படி இமையை ஒட்டிவைத்தலும் தேவை. இன்றேல் கருவிழி புண்ணாகிப் பார்வைக்கே கேடு வரும். பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமடைகின்றனர்.

பெங்களூர்வாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. 1954ஆம் ஆண்டில் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையமும், பழைய அரசாங்க மனநோய் மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவான 'நிமான்ஸ்', ஒசூர் சாலையில் இருக்கிறது. நரம்பு நோய்களுக்கு நாடறிந்த அந்நிலையத்தில் மனித மூளைகளை வைத்துக் காட்டும் அருங்காட்சியகமும் உண்டு. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டலாம்.

இன்றைக்கு இரண்டு செய்திகளை வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்: முகம் கோணினால் கடிகாரத்தைப் பாருங்கள், மந்திரிக்கவும் எண்ணெய் தடவவும் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.