டொராண்டோ – சென்னை: தூரம் 13,400 கி.மீ., நேரம் எவ்வளவு?



இந்த வார எபிசோட் மேப் ஆப்கள் பத்தி. அதைத் தொட்டு ஒரு சின்னக் கணக்கு. டொராண்டோ பியர்சன்ல இருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு சுமார் 13,400 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்துல போனா 15 மணி நேரம் போதும். ஆனா டிக்கெட் தேடினா, பெரும்பாலான ரிசல்ட் 20 மணி நேரத்தைத் தாண்டித்தான் வரும். மீதி நேரம் எங்கே போகுது?

அந்த 13,400 என்பது உருண்டையான பூமி மேல இருக்கிற மிகக் குறுகிய பாதை. ஒரு குளோப்ல நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க. நூல் நேரா கிழக்கே போகாது. வடக்கே ஏறி, கிரீன்லாந்து, நார்வேயோட வட முனை, ரஷ்யா, கஜகஸ்தான், பாகிஸ்தான்னு சுத்தி இறங்கும். ஆனா 2022 பிப்ரவரி கடைசியில கனடாவும் ரஷ்யாவும் ஒருத்தர் விமானத்துக்கு இன்னொருத்தர் வான்வெளியை மூடிட்டாங்க. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களுக்கு மூடிச்சு. நூல் போற வழியில எல்லா விமானமும் போக முடியாது.

அதோட, இந்த இரண்டு ஊருக்கும் நேரடி விமானமும் இல்லை. எங்கேயாவது இறங்கி ஏறணும். ஆச்சரியம் என்னன்னா, அதனால தூரம் பெருசா கூடுறதில்லை. லண்டன் வழியா கூட்டினா சுமார் 13,900 கி.மீ., துபாய் வழியா 14,000. நூறுக்கு நாலஞ்சுதான் அதிகம். நேரத்தைத் தின்கிறது நடுவுல காத்திருக்கிற நேரம்தான்.

லீவுக்குப் போறப்போ இது பெரிய விஷயமில்லை. ஆனா ராத்திரி 2 மணிக்கு "தாத்தாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வாங்க"ன்னு வாட்ஸ்அப் வந்தா, அப்பா அம்மா பதறி நிற்கிறப்போ டிக்கெட் தேடப்போறது நீங்கதான். அப்போ இதை ஞாபகம் வெச்சுக்குங்க:

விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மொத்தப் பயண நேரத்தை வெச்சு வரிசைப்படுத்துங்க.

இரண்டு விமானமும் ஒரே புக்கிங்ல இருக்கட்டும். முதல் விமானம் லேட்டாகி அடுத்தது போயிட்டா, மாத்தித் தரவேண்டியது அவங்க பொறுப்பு. தனித்தனி டிக்கெட்னா புதுசா வாங்கணும்.

போய்ச் சேரும் தேதியைச் சரிபாருங்க. கோடையில சென்னை 9.30 மணி நேரம் முன்னாடி ஓடுது. திங்கள் மாலை 6 மணிக்குக் கிளம்பி 22 மணி நேரம் பயணம் செஞ்சா, இறங்குறது புதன் அதிகாலை 1.30. "செவ்வாய் வந்துடுவோம்"னு சித்தப்பாகிட்ட சொல்லிடாதீங்க.

கடைசியா ஒண்ணு. கனடா பாஸ்போர்ட் மட்டும் கையில இருந்தா இந்தியாவுக்கு விசா வேணும். ஓ.சி.ஐ. கார்டு இருந்தா வேண்டாம். அந்தக் காத்திருப்பு எந்த விமானத்தையும் விட நீளமா இருக்கலாம். உங்க வீட்டுல யார் யாருக்கு கார்டு இருக்குன்னு இந்த வாரமே கேட்டுப் பாருங்க.