ஒட்டும் பசையும் பொருத்தின் வடிவமும்

தச்சர்கள் வச்சிரம் காய்ச்சி ஒட்டிய இடத்தை இன்று இரண்டு குழாய்களில் அடைத்து வரும் எபாக்சிப் பசை பிடித்துக்கொண்டது. தறியின் உடைந்த உறுப்பு முதல் பம்பின் வெடித்த உறை வரை யாவற்றையும் இதனைக் கொண்டே ஒட்டிவிடலாம் என்று உறுப்பினர் பலர் நம்புகின்றனர். ஒட்டியது விட்டுப் போனாலோ, பழி முழுவதும் பசையின் மேல் விழுகின்றது. ‘சரக்கு போலி, பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருக’ என்னும் முறையீடு நம்மிடமும் வருவதுண்டு. சில வேளைகளில் அது நியாயமான முறையீடே. எனினும், துண்டுகள் இரண்டும் எவ்வடிவில் பொருத்தப்பட்டிருந்தன என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். ஒரே பசை ஓரிடத்தில் பெரும் பாரத்தைத் தாங்குவதும், பிறிதோரிடத்தில் சிறு இழுப்புக்கே விட்டுவிடுவதும் எதனால் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

வலிமை வேறு, விரிசலைத் தாங்கும் திறன் வேறு. கண்ணாடி வலிமையுள்ள பொருளே. ஆயினும் அதன்மேல் ஒரு கீறல் விழுந்துவிட்டால் நெடுகப் பிளந்துவிடும். விறகு பிளப்போர் ஆப்பு அறைவதை உறுப்பினர்கள் பார்த்திருப்பீர்கள். ஆப்பு இறங்க இறங்க, அதற்கு முன்னே பிளவு ஓடுகின்றது. பசையைச் சோதிப்போரும் ஏறக்குறைய இதையே செய்கின்றனர். ஒட்டிய இரு உலோகப் பட்டைகளுக்கு நடுவே ஆப்பைச் செலுத்தி, விரிசல் எவ்வளவு தூரம் ஓடியது என்று அளக்கின்றனர். குறைந்த தூரம் ஓடினால் பசை உறுதியானது. பிளவு ஒரு சதுர மீட்டர் பரப்பைத் திறப்பதற்குச் செலவாகும் ஆற்றலே பசையின் முறிவுத் திறன் எனப்படும். ஏதும் கலவாத எபாக்சிக்கு அது சில நூறு ஜூலுக்கு மேற்படுவது அரிது. நுண்ணிய ரப்பர் துகள்களைச் சேர்த்துச் செய்த பசைகளுக்கோ ஆயிரம் ஜூலையும் கடந்துவிடும்.

இனி வடிவத்துக்கு வருவோம். நூல் சிப்பத்தின் மேல் ஒட்டிய சீட்டை மூலையைப் பிடித்து உரித்தால் எளிதில் வந்துவிடுகின்றது. அதே சீட்டைப் பரப்போடு பரப்பாகச் சறுக்கி இழுத்துப் பாருங்கள். காகிதம் கிழியுமேயன்றிப் பசை விடாது. உரிக்கும்போது இழுப்பு முழுவதையும் ஒரு கோட்டளவு பசையே தாங்குகின்றது. சறுக்கி இழுக்கும்போது அகன்ற பரப்பு பங்கிட்டுக் கொள்கின்றது. அன்றியும், வாய் பிளக்கும் விரிசலைக் காட்டிலும் சறுக்கும் விரிசலுக்குப் பெரும்பாலான பசைகள் மிகுந்த ஆற்றலைக் கேட்கின்றன.

அப்படியானால் ஒரு தகட்டின்மேல் மற்றொன்றைப் படிய வைத்து ஒட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாரம் ஒட்டிய நீளம் முழுவதிலும் ஒரு சீராகப் பரவுவதில்லை. இரு முனைகளிலேயே குவிகின்றது. இதனை 1938-இல் ஃபோல்கர்சன் என்பார் கணக்கிட்டுக் காட்டினார். தகடுகள் ஒரே கோட்டில் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், இழுக்கும்போது பொருத்து சற்றே வளைந்து, முனைகளில் உரிக்கும் விசை எழுகின்றது என்பதைக் கோலண்டு, ரைஸ்னர் என்னும் இருவர் 1944-இல் விளக்கினர். ஆகவே ஒட்டும் நீளத்தை இருமடங்காக்குவதால் வலிமை இருமடங்காகிவிடாது. ஓரளவுக்கு மேல் நடுவிலுள்ள பசை வேலையின்றியே கிடக்கும். அகலத்தை இருமடங்காக்கினால் பலன் ஏறக்குறைய இருமடங்கு.

பசையின் கனமும் வடிவத்தைச் சேர்ந்ததே. மெல்லியதாக இருந்தால்தான் உறுதி என்று பலர் கவ்வியை முழு வலுவுடன் இறுக்கி, பசையெல்லாம் வெளியே பிதுங்கும்படி செய்கின்றனர். விரிசலின் நுனியில் பசை சிறிது இளகி நீண்டு ஆற்றலை விழுங்குவதற்கு இடம் வேண்டும். கின்லாக், ஷா என்னும் ஆராய்ச்சியாளர்கள் ரப்பர் கலந்த எபாக்சியைக் கொண்டு செய்து 1981-இல் வெளியிட்ட சோதனைகளில், பசையின் கனம் அந்த இளகும் பகுதியின் அளவுக்கு ஏறக்குறையச் சமமாகும்போது முறிவுத் திறன் உச்சத்தை அடைவது தெரிய வந்தது. கனம் அதற்குக் குறைந்தாலும் மிகுந்தாலும் திறன் சரிந்தது. இந்தக் கனத்தைக் காப்பதற்கு விமானத் தொழிலில் கையாளப்படும் முறைகளுள் ஒன்று நம் நெசவாளர்களுக்கு வியப்பளிக்கும்: பசைக்குள் ஐதாக நெய்த துணியைப் பதித்து விடுகின்றனர்!

அத்தகைய துணிப் பசையும் கைவிட்டதுண்டு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்று சுமார் 24,000 அடி உயரத்தில் பறக்கையில், அதன் மேற்கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் மாண்டார். விமானம் எவ்வாறோ தரையிறங்கியது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பொருத்துகளில் ஈரம் புகுந்து பசை விட்டிருந்தது. பாரம் முழுவதும் தறையாணிகளின்மேல் சாய்ந்தது. ஆணித் தலை பதிவதற்காகக் குடையப்பட்ட துளைகளின் விளிம்போ கத்திமுனைபோல் கூராக இருந்தது. அங்கே விரிசல்கள் தோன்றி, ஒன்றோடொன்று கூடிவிட்டன.

நம் வேலைகளுக்கு இவற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில. ஒடிந்த மரத்தை முனைக்கு முனை ஒட்டுதல் வீண். ஒரு பங்கு கனத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு பங்கு நீளமாகச் சாய்வாகச் சீவி ஒட்டுக. உலோகத்தின்மேல் ஒட்டுத்தகடு வைப்பின் அதன் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து மெலிதாக்குக. ஓரத்தில் பிதுங்கி நிற்கும் சிறிது பசையை அழகு கருதி வழித்தெடுக்க வேண்டா. முனையில் குவியும் பாரத்தை அதுவே தணிக்கின்றது. ஆள்மேல் விழக்கூடிய எதனையும் பசையை மட்டும் நம்பித் தொங்கவிடலாகாது.

முறையீடு செய்வோர் விட்டுப்போன இரு துண்டுகளையும் துடைக்காமல் அப்படியே மனுவுடன் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம். ஒரு துண்டில் பசை முழுவதும் இருக்க, மற்றது வெறுமையாகக் காணப்பட்டால், அந்தப் பரப்பில் எண்ணெயோ துருவோ ஈரமோ இருந்திருக்கலாம். இரண்டிலும் பசை படிந்திருந்தால் பிளந்தது பசையே. அப்போது கலவை, பாரம், பொருத்தின் வடிவம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரே கடைக்காரரிடம் செல்ல இயலும்.