719 வாங்க முடியுமா?

மாணவர்களே, மொத்தம் 720 மதிப்பெண் உள்ள ஒரு தேர்வில் ஒருவர் 719 வாங்கினால் என்ன சொல்வீர்கள்? 'அடடா, ஒரே ஒரு மார்க் போச்சே!' என்பீர்கள் இல்லையா? ஆனால், 2024ம் ஆண்டு ஜூன் மாதம் பலரும், 'அதெப்படி 719 வரும்?' என்று கேட்டனர். ஏன் தெரியுமா?

அது மருத்துவப் படிப்பில் சேருவதற்கான நீட் தேர்வு. 180 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். விடை சரி என்றால் 4 மதிப்பெண். தவறு என்றால், 1 மதிப்பெண்ணைக் கழித்து விடுவார்கள். இதைத்தான் 'நெகட்டிவ் மார்க்' என்கிறோம். விடையளிக்காமல் விட்டால் பூஜ்யம்.

பேப்பர், பென்சிலை எடுங்கள். எல்லாம் சரி என்றால், 180 x 4 = 720. ஒரு கேள்வியை விட்டுவிட்டால், 4 குறைந்து 716. ஒரு விடை தவறினால்? வர வேண்டிய 4ம் வராது. இருப்பதிலிருந்து 1ம் போய்விடும். ஆக 5 நஷ்டம், கிடைப்பது 715. அதாவது, 720க்கு அடுத்த மதிப்பெண்ணே 716 தான். இடையில் உள்ள 719, 718, 717 வரவே வராது!

பிறகு எப்படி வந்தது? சில மையங்களில் தேர்வு நேரம் வீணானதால், 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்ததாக தேசிய தேர்வு முகமை விளக்கியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கருணை மதிப்பெண் ரத்தானது. அவர்களுக்கு ஜூன் 23ம் தேதி மறுதேர்வு நடந்தது. அதை எழுத விரும்பாதவர்களுக்கு, கருணை மதிப்பெண் இல்லாத பழைய மதிப்பெண்ணே கிடைத்தது. பார்த்தீர்களா, ஒரு சின்னக் கழித்தல் கணக்கு எவ்வளவு பெரிய கேள்வியை எழுப்பியது!

இப்படிப்பட்ட புதிர்களை விடுவிக்க ஒரு சுலப வழி உண்டு. எவ்வளவு கிடைத்தது என்று பார்க்காதீர்கள். எவ்வளவு போனது என்று பாருங்கள்.

இதோ ஒரு புதிர்: 20 கேள்விகள். சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. எல்லாவற்றுக்கும் விடையளித்த ஒரு மாணவி 55 வாங்கினாள். எத்தனை தவறு? முழு மதிப்பெண் 80. போனது 25. ஒரு தவறுக்கு 5 வீதம் போகும். அப்படியானால், 5 தவறு, 15 சரி. சரிபார்ப்போமா? 15 x 4 = 60; அதில் 5 போக 55. சரிதானே!

இனி உங்கள் முறை. நீட் தேர்வில் கருணை மதிப்பெண் இல்லாமல் 709 வாங்க முடியுமா? 708? விடையைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

விடை: 709க்கு 11 குறைய வேண்டும். தவறே இல்லை என்றால், 11ஐ நான்கு நான்காகப் பிரிக்க முடியாது. ஒரு தவறு என்றால் மீதி 6, இரண்டு தவறு என்றால் மீதி 1. இவையும் நான்கால் வகுபடாது. எனவே, 709 முடியாது. 708 முடியும், மூன்று கேள்விகளை விட்டுவிட்டால் போதும்!