பூச்சு மருந்தும் தோலின் மதிலும்

மாரி பிறந்தால் குடாநாட்டில் படை, தேமல், சேற்றுப்புண் ஆகிய தொல்லைகளும் கூடவே வருகின்றன. வயலில் நிற்போரும் கடலில் இறங்குவோரும் இதனை நன்கறிவர். பூச்சு மருந்தை வாங்கிப் பூசுகின்றனர். சில நாள்களில் அரிப்பு அடங்குகின்றது. பின்னர் நோய் மீண்டும் தலைகாட்டுகின்றது. மருந்தில் பழுது என எண்ணுவோர் பலர். ஆயினும், மருந்து உரிய இடத்தை அடைந்ததா, போதிய காலம் அங்கு தங்கியதா என்பதே முதலில் எழவேண்டிய வினாவாகும்.

தோலின் மேலடுக்கு இறந்த கலங்களாலானது. கலங்கள் கற்களாகவும் இடையிலுள்ள கொழுப்பு சாந்தாகவும் அமைந்த மதில் அது. பங்கசு வாழ்வது அம்மதிலினுள்ளேயே. இன்று உலகெங்கும் படைநோயை உண்டாக்கும் ட்ரைக்கோபைற்றன் ரூப்ரம் என்ற பங்கசை 1910இல் விபரித்த அல்டோ காஸ்டெல்லானி, அக்காலத்தில் கொழும்பில் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மதிலைத் தளர்த்தி மருந்தைச் செலுத்தும் உத்தி புதியதன்று. விற்பீல்ட் களிம்பில் 3 வீத சலிசிலிக் அமிலம் தோலை இளக்க, 6 வீத பென்சோயிக் அமிலம் பங்கசைத் தாக்குகின்றது. இன்றோ மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைத்துச் செலுத்துகின்றனர். பாதத்தில் ஒரு முறை பூசினால் படலமாக உலர்ந்து, பல நாள் தங்கும் தேர்பினாபீன் கரைசலும் உண்டு. நகத்தின் தடிப்போ இன்னும் பெருந்தடை. 2014இல் அமெரிக்கா அனுமதித்த எபினாகொனசோல் கரைசலை 48 வாரங்கள் பூசவேண்டியுள்ளது.

புதிய மருந்துகள் விலை கூடியவை. எளிய களிம்பையே பயன்தரச் செய்யும் வழி நம் கையிலுள்ளது. கழுவி, ஈரம் உலர்த்தி, தழும்பின் விளிம்புக்கு அப்பாலும் இரு சென்ரிமீற்றர் வரை பூசவேண்டும். நோய் மறைந்த பின்னரும் ஓரிரு வாரங்கள் தொடரவேண்டும். ஐவேளை வுழூச் செய்வோர் விரலிடுக்குகளை நன்கு துடைத்து, இஷாத் தொழுகையின் பின் பூசினால் மருந்து இரவு முழுவதும் தங்கும்.

வைத்தியரின் ஆலோசனையின்றி ஸ்ரெரொயிட் கலந்த களிம்புகளைப் பூசுவதே பேராபத்து. அவை சிவப்பையும் அரிப்பையும் மறைத்து, பங்கசு பரவ வழிவிடுகின்றன. தேர்பினாபீனுக்குப் பெரும்பாலும் அடங்காத, 2020இல் பெயரிடப்பட்ட ட்ரைக்கோபைற்றன் இன்டோற்றினியே இந்தியாவில் பெருகியதற்கு இத்தகைய களிம்புகளின் தவறான பாவனையும் ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது. அந்நிலை இங்கும் உருவாகாதிருக்க, மருந்தகத்தார் இவற்றை வைத்தியரின் சீட்டின்றி வழங்கலாகாது. மக்களும் கேட்டு வாங்கலாகாது.