அதியமான் வம்சமா, கப்பலேறியவரின் வாரிசா? தருமபுரியில் வேர்களைத் தேடுவது எப்படி?

‘நாங்க அதியமான் வம்சம்!’

தருமபுரி வட்டாரத்தில் இந்தப் பெருமைப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. அதே மண்ணிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலும் மொரீஷியஸிலும் உட்கார்ந்துகொண்டு, ‘எங்க தாத்தாவோட ஊர் எது?’ என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். இருவரின் கேள்வியும் ஒன்றுதான். ஆனால், விடை எங்கே கிடைக்கும்?

கல்லில் எழுதிய வம்சம்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். சங்க காலத்தில் இதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த வள்ளலாக நமக்குத் தெரியும். அவர் பெயர் பொறித்த தமிழி கல்வெட்டு, 1981-ல் ஜம்பை கிராமத்தில் கண்டறியப்பட்டது.

அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, சோழர் ஆட்சியின் பிற்காலத்தில், அதே தகடூரில் விடுகாதழகிய பெருமாள் என்றொரு சிற்றரசர் இருந்தார். போளூர் அருகே திருமலை என்ற சமணத் தலத்தில் இயக்கன், இயக்கி சிலைகளைப் புதுப்பித்தார். ‘முன்பு எழினி செய்துவைத்த சிலைகள் இவை, நான் அந்த மரபில் வந்தவன்’ என்று கல்வெட்டிலும் பதிவு செய்தார். சங்கப் பாடல்களில் எழினி என்பது அதியமான் குடும்பத்துப் பெயர். அப்பாவின் பெயரையும் முன்னோரின் பெயரையும் சொல்லித் தன் வேரைத் தானே எழுதி வைத்த தகடூர்க்காரர் இவர்!

ஆனால், இன்றைய ஒரு குடும்பத்தை இவரோடு தலைமுறை தலைமுறையாக இணைக்கும் ஆவணச் சங்கிலி இல்லை. குலப்பட்டத்தை வைத்தும் முடிவு கட்ட முடியாது. ‘கவுண்டர்’ என்ற பட்டத்தையே இந்தப் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்கள் பயன்படுத்துகின்றன.

சாமானியர்களுக்கும் கல் உண்டு

அரசர் பெயர் மட்டும்தான் கல்லில் ஏறும் என்று நினைக்க வேண்டாம். தருமபுரி, செங்கம் வட்டாரங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. மாடு மீட்கும் சண்டையில் இறந்த வீரர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனோடு சேர்த்து, திருடர்களைக் கடித்த ‘கோவிவன்’ என்ற நாயின் பெயரும் உண்டு! பல ஊர்களில் இந்தக் கற்கள் ‘வேடியப்பன்’ என்று இன்றும் வழிபடப்படுகின்றன. ஆக, உங்கள் குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்பதே ஒரு துப்புதான்.

கப்பல் பட்டியல் சொல்லும் கதை

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்திய கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ காலத்தில் நிலங்கள் அளக்கப்பட்டு, வரி போடப்பட்டது. சொந்த நிலம் இருந்தவர்களின் பெயர் வருவாய்க் கணக்கில் ஏறியது. நிலமில்லாதவர்களுக்கு?

அவர்களில் கப்பலேறியவர்களின் பெயர்கள் வேறொரு கணக்கில் ஏறின. 1860 நவம்பர் 16-ல், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்த 342 பேர் அதில் இருந்தார்கள். 1911 வரை நேட்டாலுக்கு இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். நடுவில், 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. 1871-ல் 20 லட்சத்தை ஒட்டியிருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881-ல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது.

கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் வரை குறித்துவைத்தார்கள். மொரீஷியஸில் மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில், அந்த நாட்டுக்குப் போனவர்களின் பதிவேடுகளோடு பலரின் புகைப்படங்களும் இருக்கின்றன.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

* ‘தருமபுரி’ என்று மட்டும் தேடாதீர்கள். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். அதற்கு முன் எல்லாம் சேலம் மாவட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, ஓசூர் எல்லாமே அதன் தாலுகாக்கள்.

* பெயரின் எழுத்துகளை நம்பாதீர்கள். காதில் விழுந்ததை குமாஸ்தா எழுதிய பெயர்கள் இவை. தென்னாப்பிரிக்காவில் முதலியார் ‘மூட்லி’ ஆனார். கவுண்டர் ‘கவுண்டன்’ ஆனார். பெயரைவிட எண்ணும் கிராமமும் உறுதியான அடையாளங்கள்.

* இலங்கை, மலேயா போனவர்களைத் தேடுவது சிரமம். பலர் கங்காணி மூலம் போனவர்கள். நேட்டால் போல ஆளுக்கொரு எண் போட்ட பதிவு அவர்களுக்குக் கிடைப்பது அரிது.

இந்தத் தேடல் வெறும் ஆசைக்கானது மட்டுமல்ல. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை பெறுவதற்கு, முன்னோர் இந்தியர் என்பதற்கு ஆவணம் வேண்டும். பொதுவாகக் கொள்ளுப்பேரன் தலைமுறை வரைதான் அந்த அட்டை கிடைக்கும். மொரீஷியஸில் 7-வது தலைமுறைக்கும் வழங்கப்படும் என 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. கப்பல் பட்டியலில் இருக்கும் ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று இதிலிருந்தே புரியும்.

பாட்டியின் பெயர் என்ன?

நம் வீடுகளில் பங்காளிகளின் வரிசையைச் சொல்லச் சொன்னால், அப்பா, தாத்தா, பாட்டன், பூட்டன் என்று ஆண்களின் பெயர்கள்தான் வரும். கப்பல் பட்டியலிலோ பெண்ணுக்கும் தனி எண். அவள் பெயர், அவள் அப்பா பெயர், அவள் ஊர் எல்லாம் தனியாக உண்டு. கூலிக்கு ஆள் கணக்கெடுக்க எழுதப்பட்ட பதிவேடு அது. அதில் கிடைத்த இடம்கூட பூட்டிகளுக்கு நம் வீட்டு வம்சாவளியில் கிடைக்கவில்லை.

ராஜா வம்சமா என்று தேடும் முன், உங்கள் அப்பாயியின் அம்மா பெயரையும் அவர் பிறந்த ஊரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, செல்போனிலேயே குறித்து வையுங்கள். கேட்க வேண்டியது இன்றைக்கு. சொல்லத் தெரிந்தவர்கள் எப்போதும் இருக்கமாட்டார்கள்.