வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா?

கால் வீங்குகிறது. வரப்பில் நூறடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. இரவில் இரண்டு, மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. 'வயசாகிடுச்சு' என்று பலரும் ஒதுக்கிவிடும் இந்த அறிகுறிகள், இதயச் செயலிழப்பாக இருக்கலாம். இதயம் நின்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமல்ல. உடம்புக்குத் தேவையான ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது என்பதே பொருள்.

ஓய்வில் இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. வண்டி மாட்டைப் போல அதற்கும் இரண்டு விதமான பாரம் உண்டு. உள்ளே வந்து நிரம்பும் ரத்தம், வண்டியில் ஏற்றிய மூட்டை. வெளியே தள்ளும்போது எதிர்த்து நிற்கும் ரத்த அழுத்தம், ஏற வேண்டிய மேடு.

பி.பி. பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால், மேட்டிலேயே இழுத்து இழுத்து இதயச் சுவர் தடித்து விறைக்கிறது. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துவிட்டால், மொத்த வேலையும் மீதித் தசையின் மேல் விழுகிறது. நாளடைவில் இதய அறை விரிகிறது. சைக்கிள் டியூபில் புடைத்த இடமே மேலும் புடைப்பதைப் போல, அறை விரிந்து சுவர் மெலிய மெலிய, தசை தாங்கும் இழுவிசை கூடுகிறது. அதனால் அறை இன்னும் விரிகிறது.

இந்த நேரத்தில் உடம்பு ஒரு தப்புக்கணக்குப் போடுகிறது. ரத்த ஓட்டம் குறைந்ததும், தண்ணீர் பற்றவில்லை என்பதுபோல் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, மூட்டை கூடுகிறது. ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, மேடு கூடுகிறது. அட்ரினலின் சுரந்து துடிப்பை விரட்டுகிறது. களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்தும் கதைதான்.

சிகிச்சையும் இதே கணக்குதான். நீர் பிரிய வைக்கும் மாத்திரை, மூட்டையை இறக்குகிறது. ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரை, மேட்டைக் குறைக்கிறது. துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை, தார்க்குச்சியைப் பிடுங்கிவிடுகிறது. தொடர்ந்து சாப்பிடும் பலருக்கு, விரிந்த இதயம் ஓரளவு சுருங்கிப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு மண்வெட்டியைத் தூக்குவதுதான் ஆபத்து. இறங்கியது மூட்டை மட்டுமே. மாடு இன்னும் தேறவில்லை. டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைத் தவிர்க்கவும். சமையலில் உப்பைக் குறைக்கவும்.

* தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு எடை பார்த்துக் குறித்து வைக்கவும். 3 நாளில் 2 கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். உடனே டாக்டரைப் பார்க்கவும்.

* உடல்வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அவற்றில் பல, உடம்பில் நீரைத் தேக்கும்.

* உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்கவும்.